ஸ்டீல் கிட்டாருக்கு டிஜிட்டல் ஆம்ப் மாடலர்: கேள்வி பதில்

ஆம்பின் ஒலியை மென்பொருளால் போலச் செய்யும் மாடலரையும் எஃபெக்டுகளையும், தந்திமேல் இரும்புப் பாரை வைத்து, பெடல்களால் சுருதி மாற்றி, உட்கார்ந்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரோடு இணைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. "எந்தக் கருவி வாங்கலாம்?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஹீலிக்ஸ், கெம்பர், ஃப்ராக்டல், குவாட் கார்டெக்ஸ் எதிலும் நல்ல ஸ்டீல் ஒலி எடுக்கலாம், எதிலும் கெடுக்கவும் செய்யலாம்.

கேள்வி: ஐயா, பல ஆண்டுகளாக ட்வின் ரிவெர்ப் ஆம்பில் பெடல் ஸ்டீல் வாசித்தவன். அதைத் தூக்க முதுகு ஒத்துழைக்காததால் மாடலருக்கு மாறினேன். உள்ளே நூற்றுக்கணக்கான பிரீசெட்டுகள் (ஆயத்த ஒலி அமைப்புகள்) இருந்தும் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்று காதைக் குத்துகிறது, இல்லையென்றால் கரகரக்கிறது. கருவியில் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. அந்தப் பிரீசெட்டுகள் ஆறு தந்தி கிட்டாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. சாதாரண ஒற்றைச் சுருள் கிட்டார் பிக்கப்பின் மின்தடை 6,000 முதல் 8,000 ஓம் வரை இருக்கும். பெடல் ஸ்டீல் பிக்கப்பில் 17,000, 18,000 என்பது சகஜம். அவ்வளவு சுற்று சுற்றிய பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல், கிட்டாருக்கு அளவாக இருந்த ஆம்ப் மாடலைத் திணறடித்துவிடும்.

அதனால் பிரீசெட்டுகளை மறந்துவிட்டு வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். உள்ளீட்டில் சிக்னலைக் குறைக்கும் பேட் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். வால்யூம் பெடலை முழுதாக மிதித்து, விரல் நகங்களை மாட்டிக்கொண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து ஓங்கி மீட்டுங்கள். அப்போதும் உள்ளீட்டு விளக்கு சிவக்கக் கூடாது. அடுத்தது உள்ளீட்டு இம்பீடன்ஸ், அதாவது பிக்கப்புக்குக் கருவி காட்டும் மின்தடை. அதைக் கையால் 1 மெகா ஓமில் நிறுத்திவிடுங்கள். ஹீலிக்ஸ் போன்றவற்றில் இது தானியங்கி நிலையில் இருந்தால், வரிசையில் முதலில் நிற்கும் எஃபெக்டுக்கு ஏற்ப மாறும். முதலில் ஒலியைக் கடுமையாகக் கரகரக்க வைக்கும் ஒரு ஃபஸ் எஃபெக்டை வைத்தீர்களானால் மேல் ஒலிகள் மங்கிப்போகும்; காரணம் தெரியாமல் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

கேள்வி: ஸ்டீல்காரர்கள் எல்லோரும் பீவி நாஷ்வில் 400 என்கிறார்கள். என் கருவியில் அந்த மாடல் இல்லை. என்ன செய்வது?

பதில்: இல்லாவிட்டால் குறைவொன்றும் இல்லை. அது டிரான்சிஸ்டர் ஆம்ப். அதன் புகழ் வால்வின் கரகரப்பால் வந்ததல்ல. உடையாத ஒலியாலும், நடு அலைவரிசையை இடம் மாற்றிக் குறைக்கும் அந்த ஒரு திருகாலும் வந்தது. பெரும்பாலானோர் அதை 800 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக் குறைப்பார்கள்.

ஏன் 800? பெடல் ஸ்டீலின் ஈ9 சுருதியமைப்பில் மூன்றாவது தந்தி ஜி ஷார்ப். திறந்த நிலையில் சுமார் 415 ஹெர்ட்ஸ். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் பாரை வைத்தால் 830. மெல்லிய தந்தி, மேல் ஸ்தாயி, கனமான இரும்புப் பார் மூன்றும் சேர்ந்து காதைத் துளைக்கும் இடம் அதுதான். அங்கே சற்றுக் குறைத்தால் ஒலி கனிகிறது. அளவுக்கு மீறிக் குறைத்தால் அதே இடத்து ஸ்வரங்கள் காணாமல் போய், தனிப்பாகத்தின் உச்சியில் நீங்கள் மட்டும் வாயசைப்பது போல் ஆகும். ஒரு பாராமெட்ரிக் ஈக்வலைசரில் அகலமான வளைவாக 4 முதல் 6 டெசிபெல் வரை குறைத்தால் போதும்.

ஆம்ப் மாடலாக ட்வின் வகை ஒன்றை எடுங்கள். பிரைட் சுவிட்சை அணையுங்கள், டிரைவை மூன்றுக்குள் வைத்து, ஒலியளவை மாஸ்டரில் ஏற்றுங்கள். ஆம்ப் மாடலே இல்லாமல் சுத்தமான பிரீஆம்ப், ஈக்வலைசர், ஸ்பீக்கர் மாதிரி என்று மூன்றை மட்டும் வைத்து வாசிப்பதும் உண்டு. ஸ்டீலின் இன்னொரு சுருதியமைப்பான சி6 உள்ள கழுத்துக்கு எனக்கு அதுதான் பிடிக்கிறது.

கேள்வி: ஸ்பீக்கர் மாதிரிக்கு 12 அங்குலமா, 15 அங்குலமா?

பதில்: 15. ஜேபிஎல் டி130 ஸ்பீக்கரின் ஐ.ஆர். கோப்பு (ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கருவியில் 15 அங்குலப் பெட்டிகள் பேஸ் பட்டியலில் ஒளிந்திருக்கலாம், அங்கேயும் தேடுங்கள். 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மெல்ல வெட்டிவிடுங்கள். கீழே, ஈ9 வாசிப்பவர் 80 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக வெட்டலாம், ஏனெனில் அதன் அடித் தந்தியே 123 ஹெர்ட்ஸ்தான். சி6 வாசிப்பவர் கை வைக்க வேண்டாம். அதில் அடித் தந்தி 65.

கேள்வி: வால்யூம் பெடல் மாடலருக்கு முன்னால் இருக்க வேண்டுமா, உள்ளேயா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: ஸ்டீல் வாசிப்பில் வால்யூம் பெடல் ஒரு எஃபெக்டே அல்ல, கருவியின் ஓர் உறுப்பு. பாதி மிதித்த நிலையில் மீட்டி, ஸ்வரம் தேயத் தேயப் பெடலைக் கீழே கொண்டுபோய்க் கார்வையைத் தாங்கிப் பிடிக்கிறோம். அது எங்கே உட்கார்கிறது என்பதைப் பொறுத்துப் பின்னால் வரும் எல்லாமே மாறும்.

பிக்கப்பிலிருந்து நேராகச் சாதாரண 500 கிலோ ஓம் பெடலுக்குப் போனால் ஒரு சிக்கல். பெடலுக்குள் இருக்கும் அந்தப் பாட் (மாறும் மின்தடை) நடு நிலையில் இருக்கும்போது ஐந்து மீட்டர் கேபிளோடு சேர்ந்து ஒரு வடிகட்டியாகவே வேலை செய்யும். சுமார் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மங்கத் தொடங்கும். காலைத் தளர்த்தினால் மந்தம், மிதித்தால் பளிச். சிலருக்கு அந்த மந்தம் பிடிக்கும், அதில் தவறில்லை. பிடிக்காதவர்கள் பெடலை அடுத்து உடனே, நீண்ட கேபிளுக்கு முன்னால், கேபிளால் ஒலி மங்காமல் காக்கும் ஒரு பஃபர் வைக்கலாம், அல்லது பெடலிலிருந்து மாடலருக்குக் குட்டிக் கேபிள் போடலாம்.

நான் சொல்லும் வழி வேறு. கிட்டாரை நேரே மாடலரில் செருகுங்கள். மாடலரிலிருந்து சிக்னலை வெளியே அனுப்பும் சென்ட் துளையிலிருந்து வால்யூம் பெடலுக்கு, பெடலிலிருந்து குட்டிக் கேபிளால் அதைத் திரும்ப வாங்கும் ரிட்டர்ன் துளைக்கு. அந்த வளையத்தை ஆம்ப் பிளாக்குக்கு முன்னால் வையுங்கள். பாட் பழைய பாட்தான், கால் பழகிய பெடல்தான், மங்கல் மட்டும் பெரும்பாலும் போய்விடும். கம்ப்ரெசர் வேண்டுமென்றால் வளையத்துக்கு முன்னால் போகும். டிலேயும் ரிவெர்பும் பின்னால் இருக்கும். பெடலை மூடினாலும் அவற்றின் வால் அறுபடாமல் ஓயும்.

கேள்வி: மாடலரிலேயே ஒரு பெடல் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன?

பதில்: ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், புரிந்துவிடும். நின்று வாசிப்பவரின் காலுக்காகச் செய்யப்பட்ட அந்தப் பெடல் தரையிலிருந்து உயரமாக இருக்கும். வலது பாதத்தை அதில் வைத்தால் முழங்கால் மேலே வரும். கேபினட்டின் அடியில் தொங்கும், முழங்காலால் தள்ளி சுருதி மாற்றும் லீவர்களில் இடிக்கும். காலை அரை அங்குலம் நகர்த்தும்போது பக்கத்து லீவர் அசைந்து, மீட்டாத தந்தியின் சுருதிகூட இறங்கும். ஸ்டீலுக்கான வால்யூம் பெடல்கள் தாழ்வாக இருப்பதன் காரணமே இதுதான்.

தனி எக்ஸ்பிரஷன் பெடல் வாங்குவதானால் தாழ்வானதாகப் பாருங்கள். மென்பொருளில் வளைவை லாகரிதமிக் நிலையில் வையுங்கள். நேர்கோட்டு வளைவில் பெடலைத் தொட்டவுடன் ஒலி பாய்ந்து வந்து, மீதித் தூரம் வெறுமனே கிடக்கும்.

கேள்வி: இரண்டு காலும் வேலையில் இருக்கும்போது கால் சுவிட்சுகளை எதனால் மிதிப்பது?

பதில்: மிதிக்க முடியாது. மாடலரைக் கையெட்டும் உயரத்தில் ஒரு தாங்கியில் வைத்து, பாட்டுக்குப் பாட்டு கையால் மாற்றுங்கள். நடுவில் மாற்றியே ஆக வேண்டுமென்றால், இடது கால் பெடல்களை விட்டு வரும் ஓரிடத்தைப் பாட்டில் முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு ஒலிக்கு மேல் தேவைப்படும் பாட்டு அரிது.

கேள்வி: இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் போட்டிருக்கிறேன். பெடலால் மெல்ல எழுப்பும் ஸ்வரங்களின் தொடக்கம் விழுங்கப்படுகிறது.

பதில்: பெடலுக்குப் பின்னால் கேட் இருந்தால் அப்படித்தான் ஆகும். பெடலுக்கு முன்னால் நகர்த்துங்கள், அல்லது தூக்கிப் போடுங்கள். என் யோசனை இரண்டாவது. மீட்டும் பலத்தைக் கொண்டு திறக்கும் ஆட்டோ வா போன்றவற்றுக்கும் இதே விதிதான். பெடலுக்குப் பின்னால் வைத்தால் அவை உங்கள் விரலைக் கேட்காது, காலைத்தான் கேட்கும்.

கேள்வி: டிலே, ரிவெர்ப் அளவு?

பதில்: டிலே 350 மில்லி விநாடி சுற்றுப்புறத்தில், இரண்டு மூன்று எதிரொலி, கலவை 15 சதவீதம். இருப்பது தெரியக் கூடாது. அணைத்தால்தான் இல்லாதது தெரிய வேண்டும். ரிவெர்ப் வீட்டில் கேட்பதைவிட மேடையில் பாதியாக இருக்கட்டும், அரங்கம் தன் பங்கைப் போட்டுக்கொள்ளும்.

கேள்வி: ஓவர்டிரைவ் போட்டு வாசிக்க ஆசை. ஸ்டீலுக்கு ஒத்து வருமா?

பதில்: நன்றாக வரும். ஸ்னீக்கி பீட் கிளைனோ பெடல் ஸ்டீலில் ஃபஸ் போட்டுப் பெயர் வாங்கியவர். இங்கேயும் வரிசைதான் முக்கியம். பெடலுக்குப் பின்னால் ஓவர்டிரைவ் இருந்தால், தேயும் ஸ்வரத்தைக் கால் தூக்கிக் கொடுப்பதால் கரகரப்பு கடைசிவரை ஒரே அளவில் நிற்கும். வில் வாத்தியத்தின் நெடிய இழுப்பு கிடைக்கும். முன்னால் இருந்தால், ஒலியளவு குறையாமல் கரகரப்பு மட்டும் கழன்றுபோகும். எனக்கு முதலாவதுதான்.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. பெரும்பாலான ஸ்டீல்காரர்கள் மூன்றாம் ஸ்வரத்தை, சம இடைவெளிச் சுருதியைவிடச் சுமார் 14 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை தாழ்த்தி இயற்கைச் சுருதியில் வைக்கிறோம். அதனால் இரண்டு தந்தி சேர்த்து வாசிக்கும்போது கிட்டாரில் உறுமும் அதே ஜோடி இங்கே ஒட்டி ஒலிக்கும். மூன்று தந்தி வேண்டாம். ஓவர்டிரைவோடு கோரஸும் வேண்டாம், பாடுபட்டுச் சேர்த்த சுருதியை அது கலைத்துவிடும்.

கேள்வி: சி6இல் ஆர்கன் போன்ற ஒலிக்கு, சுழலும் ஸ்பீக்கரான லெஸ்லியின் மாதிரி பயன்படுமா?

பதில்: அதற்காகவே மாடலர் வாங்கலாம். மெதுவான வேகத்தில் விட்டு, பெடலால் மீட்டல் ஓசையை மறைத்து எழுப்புங்கள். ஒன்றே ஒன்று: லெஸ்லி சுழலும்போது பாரை ஆட்டாதீர்கள். இரண்டு அசைவுகள் சேர்ந்தால் சுருதி எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாது.

கேள்வி: அண்ணா, ஹெட்ஃபோனில் அருமையாக அமைத்த ஒலி மேடையில் அடியில் குமுறி, மேலே கீச்சிடுகிறது. ஏன்?

பதில்: குறைந்த ஒலியளவில் காதுக்கு அடி ஒலிகளும் உச்ச ஒலிகளும் குறைவாகவே கேட்கும். 1933இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். வீட்டில் அந்தக் குறையை நிரப்ப பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றியிருப்பீர்கள். மேடை அளவில் இரண்டும் சேர்ந்து கிளம்புகின்றன. வாசிக்கப்போகும் ஒலியளவில், வாசிக்கப்போகும் ஸ்பீக்கரில் ஒருமுறை அமைத்து, அதைத் தனிப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பீக்கர் கிட்டார் ஆம்பாக இருந்தால் அதன் ரிட்டர்ன் துளையில் செருகி, மாடலரின் ஸ்பீக்கர் மாதிரியை அணைத்துவிடுங்கள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வைத்து யாரும் வாசிப்பதில்லை.

கேள்வி: மீட்டியது மாடலரைக் கடந்து காதுக்கு வர ஆகும் தாமதம் தொந்தரவு செய்யாதா?

பதில்: ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகும். மூன்று மில்லி விநாடி தாமதம் என்றால் ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்வது. கம்பியில்லாக் கருவி, டிஜிட்டல் மிக்சர், காதுக்குள் மானிட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் விரலுக்கும் காதுக்கும் இடையே பிசிறு தட்டும். அப்போது முதலில் கம்பியில்லாக் கருவியைக் கழற்றுங்கள். உட்கார்ந்த இடத்தில் வாசிக்கும் நமக்கு அது எதற்கு?