பொம்மை நோயாளியும் நிஜத் தயக்கமும்

வணக்கம் மேடம்,

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் எங்களையும் எம்.பி.பி.எஸ். மாணவர்களையும் சேர்த்து சிமுலேஷன் லேபில் (நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்துப் பழகும் இடம்) ஒரு வகுப்பு நடந்தது. பொம்மைக்கு மூச்சுத் திணறல். அவர்கள் 'அதை எடு, இதைக் கொடு' என்றார்கள், நாங்கள் எடுத்துக் கொடுத்தோம். முடிந்ததும் கைதட்டிவிட்டுக் கலைந்தோம். இதில் குழு வேலை எங்கே இருக்கிறது? நாடகம் மாதிரிதான் இருந்தது.

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாடகம்தான். அதுவும் உங்களுக்கு வசனமே இல்லாத நாடகம்.

2005-இல் இங்கிலாந்தில் எலெய்ன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண் சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுப்பாதையைத் திறந்து வைக்க முடியவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் வாய்வழியாகக் குழாய் செலுத்தத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். 20 நிமிடத்துக்கு மேல் ஆக்சிஜன் ஆபத்தான அளவிலேயே கிடந்தது. மூச்சுக்கு வழி செய்யக் கழுத்தில் துளையிடும் கருவிகளை ஒரு நர்ஸ் கொண்டுவந்து வைத்தார். இன்னொருவர் ஐ.சி.யு.வில் படுக்கை கேட்டு போன் செய்தார். டாக்டர்களின் முகத்தைப் பார்த்ததும், அவசரப்பட்டுவிட்டோமோ என்று அதை ரத்து செய்தார். 13 நாள் கழித்து எலெய்ன் இறந்தார்.

அவர் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் 1977-இல் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தது போன்ற விபத்துகளுக்குப் பிறகு, கேப்டனிடம் துணை விமானி எப்படி மறுத்துப் பேசுவது என்பதே அவர்கள் துறையில் பயிற்சியாகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் மயக்கவியல் டாக்டர் டேவிட் காபா 1990 வாக்கில் அதே பயிற்சியை ஆபரேஷன் தியேட்டருக்கு ஏற்றபடி மாற்றினார். உங்கள் லேபின் பூர்வீகம் அதுதான்.

ஆகவே கேஸை எழுதும்போதே ஒரு முக்கியத் தகவல் நர்சிங் மாணவியிடம் மட்டும் இருக்க வேண்டும். நோயாளிக்கு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று கூட வந்த உறவினர் உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்; 'டாக்டர்' பெனிசிலின் வகையைச் சேர்ந்த ஆம்பிசிலினைப் போடச் சொல்கிறார். இப்போது என்ன செய்வீர்கள்? நம் வார்டுகளில் 'சார், நிறுத்துங்க' என்ற வாக்கியம் அவ்வளவு சுலபமாக வாயில் வராது. முதலில் சந்தேகத்தைச் சொல்லுங்கள். காதில் வாங்கவில்லையா, மறுபடி சொல்லுங்கள். அப்புறமும் அவர் கை ஊசிக்குப் போனால், 'இது நோயாளிக்கு ஆபத்து' என்று உரக்கச் சொல்லித் தடுங்கள். அதை வாயால் சொல்லிப் பழகத்தான் பொம்மை. எதிரே நிற்கும் எம்.பி.பி.எஸ். மாணவர் அதைக் கேட்டுக் கையை நிறுத்தப் பழக வேண்டும். உண்மையில் அந்தப் பாடம்தான் கடினம்.

கைதட்டிக் கலைந்தீர்களே, அங்கேதான் வகுப்பு வீணானது. பத்து நிமிடக் காட்சி என்றால் குறைந்தது இருபது நிமிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும்: 'அந்த இடத்தில் நீ ஏன் பேசாமல் இருந்தாய், மனதில் என்ன ஓடியது?' டியூட்டர் இதைத் திட்டுகிற தொனியில் கேட்டால் போச்சு, அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அடுத்த வகுப்புக்கு முன்னால் இதை உங்கள் டியூட்டரிடம் கேட்டுப் பாருங்கள். லேப் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எம்.பி.பி.எஸ். படிக்கும் நண்பர்கள் இரண்டு பேரைப் பிடியுங்கள், உங்களில் ஒருவர் நோயாளியாகப் படுத்துக்கொள்ளலாம்.