ரீங்காரம் ஒரு காதில் மட்டும் கேட்கிறதா?

டீச்சர், உங்கள் மின்னஞ்சலில் ஏழு கேள்விகள். ஆறாவதைப் படித்ததும் போனை எடுத்துவிட்டேன். "பிரமரி (காதை மூடிக்கொண்டு வண்டுபோல் ரீங்கரிக்கும் மூச்சுப் பயிற்சி) செய்யும்போது ரீங்காரம் வலது காதில்தான் கேட்கிறது. இடப்பக்க நாடி அடைத்திருக்கிறது, போகப்போகத் திறக்கும் என்று யோகா வகுப்பில் சொன்னார்கள்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோதே இடது காது அடைத்தாற்போல் இருந்தது என்பது அதற்கு முந்தைய வரி. நான் படித்தது சனிக்கிழமை.

போனில் சொன்னதை இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக. தக்கலையில் உங்களுக்கு வந்தது நாளைக்குக் குளச்சலில் இன்னொருவருக்கு வரலாம். அவரும் முதலில் பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயைத்தான் தேடுவார்.

இப்போதே ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள். சத்தம் எந்தப் பக்கம் போகிறது? அடைத்த காதுக்கு. ரீங்காரம் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. வெளிவாசல் அடைபட்டால் அந்தப் பக்கம் கூடுதலாக முழங்கும். குறும்பி அடைத்தாலும் இதே கதைதான். பிரமரியில் இரண்டு காதையும் கட்டைவிரலால் மூடுகிறோம், ஆகவே ஓசை நடுமண்டையில் நிற்க வேண்டும். அது நல்ல காதுக்கு ஓடினால், மற்றக் காதின் நரம்பு வாங்கிக்கொள்ளவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். மருத்துவர்கள் நாங்கள் நெற்றியில் இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். உங்கள் வகுப்பு தெரியாமலே ஒரு பரிசோதனையைச் செய்துவிட்டது. விடையை மட்டும் தப்பாக வாசித்தார்கள்.

இதற்குப் பெயர் திடீர் செவித்திறன் இழப்பு. மூன்று நாளுக்குள், பெரும்பாலும் ஒரு காதில், அநேகமாக வலியே இல்லாமல் வரும். தூங்கி எழும்போது தெரிந்தது என்பவர்கள் நிறைய. பெரும்பாலானோருக்குக் காரணம் கடைசிவரை பிடிபடுவதில்லை. சிலருக்குத் தானாகவே ஓரளவு திரும்புகிறது, சிலருக்கு இல்லை. ஸ்டீராய்டு கொடுப்பதென்றால் முதல் சில நாட்களில் தொடங்குவது நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறையும், ஆறு வாரம் கழித்து வருபவரிடம் நான் சொல்வதற்கு அதிகம் இருக்காது. வலிக்காததால்தான் ஆட்கள் பிந்துகிறார்கள். பல் வலித்தால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுபவர்கள், ஒரு காது செத்தால் "ஜலதோஷம், இறங்கிவிடும்" என்று இருந்துவிடுகிறார்கள்.

நீங்கள் நான்கு நாளில் செய்தவை: எண்ணெய் விட்டது, மெடிக்கல் ஷாப்பில் தலைசுற்றல் மாத்திரை வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வர்ம ஆசானைப் பார்க்கக் கிளம்பியது. கணுக்கால் பிசகினால் ஆசானிடம் போங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். காது கேட்கவில்லை என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், அன்றைக்கே ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி தக்கலையிலிருந்து ஒரு பஸ் தூரம். திங்கட்கிழமை அங்கே எடுத்த தாளின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். இடது காதின் கோடு கீழே இறங்கிக் கிடக்கிறது. நரம்புக் குறைவுதான். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியாயிற்று, நல்லது.

இனி உங்கள் பயம். ஏழு கேள்வியையும் சுற்றி வளைத்து நீங்கள் கேட்க வந்தது ஒன்றே: தலைக்குள் கட்டியா? இரவு இரண்டு மணிக்குச் செல்போனில் "ஒரு காது கேட்கவில்லை" என்று தேடினால் கட்டிதான் வரும். செவி நரம்பில் கட்டி வருவது உண்டு. இப்படி வருகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது. அதுவும் பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதது, மெதுவாக வளர்வது. எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தால் அதை இல்லை என்று உறுதிசெய்யத்தான், போய் எடுத்துவிடுங்கள். ஆனால் காது போனதோடு முகம் கோணுவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது சேர்ந்தால் யாரிடமும் யோசனை கேட்காமல் 108.

யோகா வகுப்பில் உங்களைப் படுக்கவைத்துத் தட்டுகிற கிண்ணத்தின் ஓசை காதைக் கெடுத்ததா? அப்படித் தோன்றவில்லை. எட்டடி தள்ளி வைத்துத் தட்டுகிற வெண்கலக் கிண்ணம் வீட்டு உருளியில் கரண்டி பட்ட சத்தத்தைவிடப் பெரிதாக இருக்காது. தொழிற்சாலைகளில் பொதுவாக 85 டெசிபல், 8 மணி நேரம் என்று எல்லை வைக்கிறார்கள். கோயில் கொடையானாலும் சர்ச் திருவிழாவானாலும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும் ஊர் நம்முடையது. கிண்ணத்தைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் ஏது!

மற்றவை விறுவிறுவென்று. படுத்துக் கண் அயரும்போது உடம்பு தூக்கிப்போடுவது குண்டலினி அல்ல, வலிப்பும் அல்ல. தூக்கத்தின் வாசலில் பலருக்கும் வருவது. வயிறு கடமுடா என்பது குடல் நிம்மதியாக வேலை செய்வது. காரணமில்லாமல் அழுகை வந்தது என்றால், பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் எனக்கும் வரும். கால் மரத்தது முழங்காலுக்குக் கீழே வைத்த போர்வைச் சுருள். அதை நகர்த்துங்கள்.

வகுப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. தலையணை தாங்க, நீளமாக மூச்சு விட்டுக் கிடந்தால் இதயத் துடிப்பு இறங்குகிறது, தசை தளர்கிறது. ஆனால் கிண்ண ஓசை செல்களைப் பழுதுபார்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். 2017-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 62 பேர் கிண்ண ஓசை கேட்டபின் இறுக்கம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே இல்லை. படுத்துக் கிடந்ததே குறைத்திருக்கலாமே!

அந்த வகுப்பு முடிந்து பார்த்த பிரஷர் 118/76 என்று மகிழ்ந்து பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் கண்மூடிக் கிடந்த பிறகு பார்த்தால் யாருக்கும் இறங்கும். போதாததற்கு ஸ்டீராய்டு பிரஷரை ஏற்றக்கூடியது. இன்றிரவே முழு மாத்திரை. ஸ்டீராய்டையும் காது திறந்தாற்போல் இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அவர்கள் சொன்ன தேதியில் மறுபடி ஆடியோகிராம், பழைய தாளையும் கையில் கொண்டுபோங்கள். அதுவரை ஆசனம் செய்யலாம், கிண்ணம் மட்டும் அறையின் மறுகோடியில் இருக்கட்டும்.

மிச்சமிருக்கும் பூண்டெண்ணெயை ரசத்துக்குத் தாளித்துவிடுங்கள்.