மார்புச் சதை கன்னத்துக்குப் போனால் கை என்ன ஆகும்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, தச்சர். வலது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். கட்டியை அகற்றிவிட்டு, மார்பிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைப்பார்களாம். ‘அது பழைய முறை, தொடையிலிருந்து எடுக்கச் சொல்’ என்கிறார் மாமா. பிறகு அப்பாவால் கையைத் தூக்க முடியுமா?

பதில்: ‘எடுத்து வைப்பது’ என்ற சொல்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். இதில் சதையைத் தனியே அறுத்தெடுத்து ஒட்டுவதில்லை. மார்புத் தோலில் ஒரு துண்டு, அடியிலுள்ள பெரிய தசை, அதற்கு ரத்தம் தரும் தமனி ஆகிய மூன்றையும் பிரிக்காமல் கிளப்பி, காரை எலும்பைத் தாண்டி, கழுத்துத் தோலுக்கு அடியில் வழிசெய்து வாய்க்குக் கொண்டுபோகிறோம். சுரைக்கொடியைப் பந்தலின் மறுபக்கம் திருப்பிவிடுவதைப் போலத்தான். காய் இடம் மாறும், வேர் மாறாது. மார்புக் காயத்தைப் பெரும்பாலும் அப்படியே இழுத்துத் தைத்துவிடலாம்.

பழைய முறைதான், 1979-இல் ஏரியன் என்ற அறுவை மருத்துவர் விவரித்தது. பழையது என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது. தொடைச் சதை கன்னத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும், உண்மை. ஆனால் அதன் ரத்தக்குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு நுண்ணோக்கி வைத்து இணைக்க வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் நேரம் கூடும். இணைப்பில் ரத்தம் உறைந்தால் மறுபடியும் அறுவை அரங்குக்கு ஓட வேண்டும். இதயம், நுரையீரல் நிலையைப் பார்த்து மார்பே போதும் என்று முடிவெடுத்திருக்கலாம். காரணத்தை மருத்துவரிடமே கேளுங்கள், அதில் தவறில்லை.

மார்புச் சதையின் குறை, கனம். கன்னம் சில மாதங்கள் புடைத்திருக்கும், தசை மெல்லச் சுருங்கும். மார்பில் ரோமம் உள்ளவர்களுக்கு வாய்க்குள்ளும் ரோமம் முளைக்கும்! கதிர்வீச்சு கொடுத்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

இனி கை. மார்புத் தசை கையைத் தலைக்கு மேல் தூக்குவதில்லை. உடலை நோக்கி இழுக்கும், முன்னால் தள்ளும். இழைப்புளி தள்ளும்போது அப்பா அதன் இழப்பை உணர்வார். மற்ற தசைகள் ஓரளவு ஈடுகட்டும். கை தூக்க முடியாமல் போனால் காரணம் பெரும்பாலும் வேறு. புற்றுநோய் பரவியிருக்கலாம் என்பதால் கழுத்து நெறிக்கட்டிகளையும் அகற்றும்போது தோளுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்படலாம். ‘அந்த நரம்பைக் காப்பாற்ற முடியுமா’ என்று முன்கூட்டியே கேளுங்கள். தோள் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

புகையிலையை இன்றே நிறுத்த வேண்டும். பீடி, சிகரெட் புகை, மாற்றி வைத்த சதைக்கு ரத்தம் தரும் குழாய்களைச் சுருக்கிவிடும்.

அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது கழுத்தை. சதைக்கு ரத்தம் போகும் பாதை அங்கேதான். மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தால், அதன் நாடா கழுத்தை இறுக்கக் கூடாது. சில இடங்களில் நாடாவே கட்டாமல் குழாயைத் தோலோடு தைத்துவிடுகிறோம். தலை வலப்பக்கம் மடங்கிக் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் வைத்த தோல் வெளிறினால் ரத்தம் வரவில்லை; நீலம் பாரித்தால் வந்த ரத்தம் திரும்பவில்லை. இரண்டில் எது தெரிந்தாலும், நடு இரவானாலும் செவிலியரை எழுப்புங்கள்.