ஸ்பீக்கர் ஒயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

மார்கழி நெருங்குகிறது. சபாவுக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே நல்ல செட் ஒன்று வைத்துக் கேட்கலாம் என்று நினைக்கும் நேரம் இது. விற்பவர்களுக்கும் அது தெரியும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒயர், பிளக், கரண்ட்டைச் சுத்தம் செய்யும் பெட்டி பற்றித்தான். திருவல்லிக்கேணியில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: புது ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் ஒயர் வாங்கப் போனேன். வெள்ளி முலாம் பூசிய ஒயர், ஜோடி 42,000 ரூபாய் என்றார்கள். சாதாரண ஒயர் போட்டால் ஸ்பீக்கரின் தரமே வெளியே வராதாம். வாங்கலாமா சார்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நங்கநல்லூர்

வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன், நீங்கள் வங்கியில் இருந்தவர்.

எலக்ட்ரீஷியன்கள் ‘ரெண்டரை ஸ்கொயர்’ என்று சொல்லும் 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் ஒரு கிலோமீட்டர் நீளம் இருந்தால் அதன் மின்தடை சுமார் 8 ஓம். உங்களுக்குப் போக 5, வர 5, ஆக மொத்தம் 10 மீட்டர். அதாவது 0.08 ஓம். வீட்டு ஸ்பீக்கர்களில் நிறைய 8 ஓம்தான். நூற்றில் ஒரு பங்கு ஒயரில் போகிறது. சத்தத்தில் இதனால் குறைவது 0.1 டெசிபலுக்கும் கீழே. வால்யூம் குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் அதைவிட அதிகம் மாறும்.

வெள்ளி தாமிரத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்பது உண்மை. எவ்வளவு நன்றாக? ஐந்தாறு சதவீதம். முழுக்க வெள்ளியிலேயே ஒயர் இழுத்தாலும் அந்த 0.08 ஓம் 0.075 ஆகும், அவ்வளவுதான். உங்களிடம் காட்டியதோ வெறும் முலாம்.

2007-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர், 7,250 டாலர் விலை சொன்ன ‘பியர் ஆஞ்சூ’ என்ற ஸ்பீக்கர் ஒயரை அதைவிட எத்தனையோ மடங்கு மலிவான ‘மான்ஸ்டர்’ கம்பெனி ஒயரிலிருந்து காதால் மட்டும் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தப் பணம் யாருக்கும் போகவில்லை.

ஆனால் ஒயரில் கவனிக்க வேண்டிய விஷயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். காலிங்பெல்லுக்குப் போடும் மெல்லிய ஒயரைப் பத்து மீட்டர் இழுத்தால் சத்தம் நிச்சயம் கெடும். அதைவிடப் பெரிய தொல்லை, தாமிரம் என்று சொல்லி விற்கும் அலுமினிய ஒயர். மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு இழையைப் பிரித்து பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உண்மையான தாமிரம் அடிவரை சிவப்பாகவே இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் சுரண்டிப் பார்க்க விடுவார்கள். விடாத கடையில் வாங்க வேண்டாம். உங்கள் வேலை ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றரை மீட்டர் பவர் கேபிள் 38,000 ரூபாய். கூடவே ஒரு ‘பவர் ப்யூரிஃபையர்’ பெட்டியும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். நம் ஊர் கரண்ட் அழுக்கு என்கிறார்கள். உண்மையா?
– மென்பொருள் ஊழியர், கொளத்தூர்

கரண்ட் வரும் வழியை யோசித்துப் பாருங்கள். மின் நிலையத்திலிருந்து துணை மின் நிலையம், அங்கிருந்து தெரு டிரான்ஸ்ஃபார்மர், மண்ணுக்கு அடியில் கேபிள், முனையில் பில்லர் பாக்ஸ், உங்கள் மீட்டர், மெயின், பிறகு சுவருக்குள் பைப்பில் ஓடும் ஒயர். இத்தனையும் தாண்டி வந்ததைக் கடைசி ஒன்றரை மீட்டர் எதுவும் செய்ய முடியாது. அது ஆம்ப்ளிஃபயருக்குள் அப்படியே பாட்டாகவும் மாறுவதில்லை. பொதுவாக உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் அதன் வோல்டேஜைக் குறைக்கிறது, ரெக்டிஃபையர் டி.சி. ஆக்குகிறது, பெரிய கெப்பாசிட்டர்கள் அதைச் சமன்படுத்துகின்றன. கரண்ட்டைச் சுத்தம் செய்யும் வேலைக்குத்தான் அந்த பவர் சப்ளையே. அதற்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள்.

அந்தப் பெட்டி பற்றி. வேலை செய்யவில்லை என்று ஒருவர் பட்டறைக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். கனமான அலுமினிய உறை, முகப்பில் நீல விளக்கு. திருகைக் கழற்றினால் உள்ளே ஒரு எம்.ஓ.வி., இரண்டு மஞ்சள் கெப்பாசிட்டர், மீதி இடம் முழுக்க ஊற்றி இறுகிய கறுப்பு எபாக்ஸி. எடைக்காகத்தான் அது. எம்.ஓ.வி. பயனுள்ள பொருள்தான், மின்னல் நாளில் வரும் வோல்டேஜ் பாய்ச்சலைத் தாங்கும். ஆனால் நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்றிலும் அதே எம்.ஓ.வி.தான் இருக்கிறது, விலை அதில் சிறு பங்குதான். அந்த மனிதர் கொடுத்திருந்த தொகையைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

உங்கள் செட்டில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் எர்த். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனுக்கு வேலை இருக்கிறது. டிவி கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், வம்பு அந்தக் கேபிள் வழியாக வருகிறது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுவார்கள். அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: தங்க முலாம் பூசிய 9,000 ரூபாய் எச்.டி.எம்.ஐ. கேபிளில் குரல் தெளிவாக இருக்குமா?
– குரோம்பேட்டை வாசகி

இருக்காதம்மா. அதில் போவது எண்கள். சரியாகப் போய்ச் சேர்ந்தால் இரண்டு கேபிளிலும் ஒரே சத்தம்தான். சேராவிட்டால் சத்தம் விட்டுவிட்டு வரும், படத்தில் புள்ளி மின்னும், இல்லை திரை கறுத்துவிடும். ‘கொஞ்சம் மங்கலான குரல்’ என்ற நடுநிலை அங்கே கிடையாது.

கேள்வி: எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரம். கடல் காற்றுக்குத் தங்க முலாம் பிளக் அவசியம் என்று ஒருவர் சொன்னார். இதுவும் ஏமாற்றா?

இல்லை, இவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தங்கம் தாமிரத்தைவிடக் குறைவாகத்தான் மின்சாரம் கடத்தும், ஆனால் களிம்பு பிடிக்காது. உங்கள் பக்கத்திலிருந்து வரும் ஆம்ப்ளிஃபயர்களைப் பின்புறம் பார்த்தாலே தெரியும். சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கும், ஸ்பீக்கர் ஒயரின் நுனி கறுத்துப் பொடியும். ஒரு பக்கம் பாடும், ஒரு பக்கம் பாடாது. பிளக்கைத் தொட்டால் கரகரக்கும்.

ஆகவே தங்க முலாம் பூசிய பிளக் போடுங்கள், ஆனால் சாதாரண விலையில். முலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் கொடுக்கும் அளவுக்கு அதில் தங்கம் கிடையாது. மழைக்காலம் முடிந்ததும் செட்டை ஆஃப் செய்து, ஒயர் நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவித் திருகுங்கள். சாக்கெட்டுகளுக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடியுங்கள். அப்படியே பெட்டியில் பாஸ் தரும் ஊஃபரின் ஓரத்து வளையத்தையும் பாருங்கள். பழைய ஸ்பீக்கர்களில் அது ஃபோம். நம் ஊர் ஈரத்தில் உதிர்ந்துவிடும், விரல் வைத்தால் மாவாக வரும். பாஸ் உடைந்து கேட்பதற்கு அதுதான் காரணம். வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஸ்பீக்கரைத் தூக்கிப்போட வேண்டாம்.

கேள்வி: ரெக்கார்டின் காந்தத்தை நீக்கும் கருவி என்று ஒன்று விற்கிறார்களே?
– சைதாப்பேட்டை

ரெக்கார்டு வினைல், பிளாஸ்டிக். காந்தம் ஏறினால்தானே நீக்குவதற்கு? மென்மையான பிரஷ் ஒன்று வாங்குங்கள், தேய்ந்த ஸ்டைலஸ் ஊசியை மாற்றுங்கள். வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும்.

கேள்வி: எல்லாம் ஏமாற்று என்று எழுதுகிறீர்கள். விலை உயர்ந்த ஒயர் மாட்டியபோது என் காதில் வித்தியாசம் கேட்டது. நான் பொய் சொல்கிறேனா?
– கல்லூரி மாணவர், கிண்டி

இல்லை தம்பி. நீ கேட்டது உனக்கு உண்மை. காது தனியாக வேலை செய்வதில்லை. கண் பார்த்தது, மனம் எதிர்பார்த்தது எல்லாம் சேர்ந்துதான் ‘கேட்பது’. இதில் உனக்கு மட்டும் குறை ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994-ல் வெளியிட்ட சோதனையில், அங்கே வேலை பார்ப்பவர்களையே உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. திரை போட்டு மறைத்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. தொழிலில் இருப்பவர்களுக்கே அப்படி.

நீயே சோதித்துப் பார். சில ஆம்ப்ளிஃபயர்களில் பின்னால் ஸ்பீக்கர் ‘ஏ’, ஸ்பீக்கர் ‘பி’ என்று இரண்டு ஜோடி முனைகள் இருக்கும், முன்னால் அதற்கு ஸ்விட்ச். செட்டை ஆஃப் செய்துவிட்டு, விலை உயர்ந்த ஒயரை ஏ-யிலும் சாதா ஒயரை பி-யிலும் மாட்டி, இரண்டின் மறுமுனையையும் ஒரே ஸ்பீக்கரில் கொடு. சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றை மட்டும்தான் அழுத்த வேண்டும். உனக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைப் போடு. தம்புரா சுருதி நன்றாகக் கேட்கும் கச்சேரிப் பதிவு ரொம்ப நல்லது, இடைவெளி இல்லாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். நண்பன் உன் முதுகுக்குப் பின்னால் காசு சுண்டி, தலை விழுந்தால் ஏ, பூ விழுந்தால் பி என்று மாற்றட்டும், பேசாமல் காகிதத்தில் குறிக்கட்டும். நீயும் குறி. பத்து முறை. ஐந்தாறு சரி என்பது கண்ணை மூடிச் சொன்னாலே வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வந்தால், அது தற்செயலாக வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். அப்போது எனக்கு எழுது, நானே நேரில் வந்து கேட்கிறேன். மனதாரச் சொல்கிறேன்.

ஒயரை ‘இருநூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் பழகும்’ என்று சொல்லியிருப்பார்களே? அதை ஏற்காதே. ஒயர் பழகுவதில்லை. அந்த நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடுகிறது.

கேள்வி: சரி, ஒயரில் மிச்சம் பிடித்த காசை எதில் போடலாம்? பெருங்குடியில் புது ஃப்ளாட்.

அறையில். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடிக் கதவு என்றால் சத்தம் ‘டிர்ர்’ என்று திரும்பி வரும். பாடகரின் வார்த்தையைக் குழப்புவது அதுதான். தடிமனான ஜமுக்காளமோ கம்பளமோ விரியுங்கள், கனத்த திரை போடுங்கள், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்திருந்தால் ஸ்பீக்கரை ஒன்றரை இரண்டடி வெளியே இழுங்கள். பத்தடி அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் பாஸ் தானாகவே வீங்கும், மூலை அதை இன்னும் ஊதிவிடும். மிருதங்கத்தின் தொப்பி ‘பொம்’ என்று குழைவதற்கு இதுவும் ஒரு காரணம். இழுத்து வைக்கக் காசு வேண்டாம். அப்புறமும் பணம் இருந்தால் இன்னும் நல்ல ஸ்பீக்கராக வாங்குங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் சொல்லலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஓய்வுப் பணத்தில் ஒயர், ஸ்டாண்ட், ஸ்டிக்கர் என்று வாங்கிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ‘இன்னும் தெளிவு வேண்டும்’ என்கிறார். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– வேளச்சேரி வாசகி

உங்கள் கடிதத்தைத்தான் பலமுறை படித்தேன். ‘தெளிவு வேண்டும்’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கவனியுங்கள். வயதாக ஆக மேல் ஸ்தாயிக் கூர்மை காதிலிருந்து குறையும். அறுபது தாண்டிய பலருக்கு 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதே கடினம். அவர் ஒயரில் தேடுவது காதில் குறைந்திருக்கலாம். வாதாட வேண்டாம். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒருவரிடம் அழைத்துப்போய் ஆடியோகிராம் எடுங்கள். பிறகு அந்தத் தாளைப் பார்த்து, ஆம்ப்ளிஃபயரிலோ போன் செயலியிலோ ட்ரெபிளை, அதாவது மேல் ஸ்தாயிச் சத்தத்தை, கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள். காசே ஆகாது. காது கருவி தேவை என்று சொன்னால், இசைக்கென்று தனி அமைப்பு உள்ள மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாங்கியவற்றில் ‘ரத்த அழுத்தம் குறையும்’ என்று எழுதிய ஸ்டிக்கரும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதைச் சும்மா விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பலன் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில்லையும் அட்டைப்பெட்டியையும் எடுத்து வையுங்கள். விளம்பரப் பக்கத்தைத் தேதி தெரியும்படி இன்றே படம் பிடித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அந்த வரி அங்கே இருக்குமா தெரியாது.