யார் செய்வது? சிக்கல்–தீர்வுக் கட்டுரைகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் ஒரு சிக்கலை விளக்கி, அதற்குத் தீர்வும் எழுதும் கட்டுரை பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. கருத்தைப் பற்றிக் கேட்டவர்களைவிட மொழியைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். இந்த வகுப்புகளுக்கு நெடுங்காலம் தமிழ் எடுத்தவள் என்ற முறையில் எனக்கு அதில் மகிழ்ச்சி. ஏனென்றால் இந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது மொழியில்தான்.

குடிநீர், குப்பை, கொசு என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் கடைசிப் பத்தி "அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்றே முடிகிறது. இதை எப்படி மாற்றுவது?
– ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நின்றுவிடும். "சாப்பிட்டாயா?" என்றால் போதும், "நீ" தேவையில்லை. பேச்சில் அது அழகு. தீர்வு எழுதும்போது அதுவே ஓட்டையாகிவிடுகிறது. "மரங்கள் நடப்பட வேண்டும்", "சாக்கடை தூர்வாரப்பட வேண்டும்" என்று பிள்ளை எழுதும்போது இலக்கணத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் "படு" வந்து சேர்ந்ததும் வேலை செய்யும் ஆள் காணாமல் போய்விடுகிறார். "அரசு" என்ற சொல்லும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. ஊராட்சித் தலைவரும் அரசு, மின்வாரிய லைன்மேனும் அரசு, தலைமைச் செயலகமும் அரசு. இவர்களில் யாரிடம் போய்ச் சொல்வது?

நான் வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன். தீர்வு சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். பிறகு யார், எதை, எப்போது, எதைக் கொண்டு என்று நான்கு கேள்விகள். விடை இல்லாத கேள்விக்கு அங்கேயே ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஒரு பிள்ளையின் எழுத்து முதலில் இப்படி இருக்கும்:

"எங்கள் பள்ளியில் தண்ணீர் வீணாகிறது. தண்ணீரைச் சேமிக்க வேண்டும். அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்."

நான்கு கேள்விகளுக்கும் விடை தேடிவிட்டு வந்து அமர்ந்தால் அதே பிள்ளை இப்படி எழுதும்:

"சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள நான்கு குழாய்களில் இரண்டு, இறுக்கி மூடினாலும் சொட்டுகின்றன. உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டதால் இப்படி ஆகிறது. மதியம் எல்லாரும் தட்டுக் கழுவி முடிப்பதற்குள் கீழே வைத்த வாளி நிரம்பிவிடுகிறது. பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த கூட்டத்தில் பணம் ஒதுக்கினால், அந்த வாரமே ப்ளம்பரை அழைத்து வாஷரை மாற்றிவிடலாம். அதுவரை எட்டாம் வகுப்பிலிருந்து தினம் இருவர் வாளித் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றலாம்."

இரண்டாவது பத்தியில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. "யார்" வந்தது, எண் வந்தது, காரணம் வந்தது. அவ்வளவுதான் மாற்றம். இதில் எனக்கு மிகவும் பிடித்த சொல் "அதுவரை". நிரந்தரத் தீர்வு வரும்முன் என்ன செய்வது என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை யோசித்திருக்கிறது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. "படு" வினையைப் பிள்ளைகளுக்கு அடியோடு தடை செய்துவிடாதீர்கள். சிக்கலைச் சொல்லும் பகுதியில், செய்தவர் யாரென்று தெரியாதபோது "இரவில் ஏரிக்கரையில் குப்பை கொட்டப்படுகிறது" என்பதே நேர்மையான வாக்கியம். தெரியாத ஒருவர்மேல் பழி போடாமல் எழுதவும் அதுதான் வழி. தீர்வுக்கு வந்ததும் ஆளைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஆகவே, எனவே, ஏனெனில், மேலும் போன்ற இணைப்புச் சொற்கள் நிறைய வந்தால் மதிப்பெண் கூடுமா மேடம்?
– ஏழாம் வகுப்பு மாணவன், கோவில்பட்டி

எண்ணிக்கைக்காக மதிப்பெண் கிடையாது, தம்பி. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே உண்மையான உறவு இருந்தால்தான் இணைப்புச் சொல் நிற்கும். இல்லையென்றால் சுவரில்லாத இடத்தில் கதவு வைத்தது போல ஆகிவிடும்.

இதைப் படித்துப் பார்: "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. அதனால் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் சுற்றுவழியில் வருகிறார்கள். எனவே விளக்கு வரும்வரை வகுப்பை ஆறு மணிக்கே முடித்துக்கொள்ளலாம்." முதலில் "அதனால்", அது நடந்துகொண்டிருக்கும் விளைவைச் சொல்கிறது. பிறகு "எனவே", அது யோசித்து எடுத்த முடிவைச் சொல்கிறது. இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று இலக்கண விதி எதுவும் இல்லை. என் வகுப்பில் வைத்திருந்த வழக்கம் இது. ஆனால் இதனால் ஒரு பயன் உண்டு. உன் கட்டுரையில் "அதனால்" நிறைய வந்து, "எனவே" ஒன்றுகூட வரவில்லை என்றால், நீ சிக்கலை மட்டுமே எழுதியிருக்கிறாய் என்று உனக்கே தெரிந்துவிடும்.

"ஏனெனில்" என்பதைக் கொஞ்சமாக எடுத்துக்கொள். காரணத்தை முன்னால் வைத்து "குழாய் உடைந்ததால் தண்ணீர் வரவில்லை" என்று ஒரே மூச்சில் சொல்வது நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கம். வியப்பான காரணத்தைச் சற்றுத் தள்ளி வைத்துச் சொல்ல விரும்பும்போது மட்டும் "ஏனெனில்" போடு. "மேலும்" ஒரு கட்டுரையில் இரண்டு முறைக்கு மேல் வந்தால், காரணங்களை அடுக்கிக்கொண்டே போகிறாய், எது முக்கியமான காரணம் என்று நீ இன்னும் தீர்மானிக்கவில்லை என்று பொருள்.

"மழை பெய்தால் எங்கள் தெருவில் நீர் தேங்குகிறது" என்று மகள் எழுதியதை ஆசிரியர் "பெய்வதால்" என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானே?
– பெற்றோர், கடலூர்

ஒன்று அல்ல. மகள் எழுதியதே எனக்குச் சரியாகப் படுகிறது.

"பெய்தால்" என்பது நிபந்தனை. மழை வரும் நாளில் இது நடக்கும், வராத நாளில் நடக்காது. "பெய்வதால்" என்பது காரணம். "பெய்வது" என்னும் பெயரோடு மூன்றாம் வேற்றுமை உருபாகிய "ஆல்" சேர்ந்தது. காதுக்கு இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் குழப்பம் வருகிறது.

இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "வடிகாலில் மண் அடைத்திருப்பதால், மழை பெய்தால் தெருவில் நீர் தேங்குகிறது." இரண்டு "ஆல்". முதலாவது காரணம், இரண்டாவது அந்தக் காரணம் வெளிப்படும் சந்தர்ப்பம். மழையைக் காரணமாக எழுதிவிட்டால் பிள்ளை தீர்வுக்கு எங்கே போகும்? மழையை யாரும் நிறுத்த முடியாது. மண்ணை அள்ளலாம். காரணத்தைச் சுட்டும் உருபு சரியான சொல்லில் போய் ஒட்டிக்கொண்டால் தீர்வு தானாகவே அடுத்த வரியில் வந்து நிற்கும். நிபந்தனை எச்சத்தையும் காரணப் பொருளையும் சேர்த்துக் கற்பிக்க இதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. எத்தனை வகுப்புகளில் இதைக் கரும்பலகையில் எழுதினேன் என்று கணக்கே இல்லை.

கூடவே "உம்"மையும் கற்றுக்கொடுங்கள். "மருந்து அடித்தும் கொசு குறையவில்லை", "தொட்டி வைத்தும் குப்பை வெளியே கிடக்கிறது." ஏற்கெனவே முயன்றும் பலிக்காத தீர்வை இந்த இரண்டெழுத்தே சொல்லிவிடும். அப்படி ஒரு வரி வந்ததும், "ஏன் பலிக்கவில்லை?" என்று எழுதியாக வேண்டிய கட்டாயம் பிள்ளைக்கு வந்துவிடும்.

பிரச்சனையா, பிரச்சினையா?
– எட்டாம் வகுப்பு மாணவி, திருச்சி

நாளிதழ்களில் இரண்டையும் பார்ப்பாய். நான் "பிரச்சினை" என்று எழுதுவேன். நீ எதை எடுத்தாலும் கட்டுரை முழுவதும் அதையே எழுது. "சிக்கல்" இருக்க இரண்டுமே அவ்வளவாகத் தேவைப்படாது. நூல் சிக்கிக்கொண்டால் நுனியைத் தேடுகிறோமே, அந்தப் படமே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதிகாரிக்கு எழுதும்போது மட்டும் "குறை" பொருத்தம்.

வேண்டும், -லாம், கூடும் – இவற்றை எப்போது போட வேண்டும்?
– ஆறாம் வகுப்பு மாணவன், தர்மபுரி

"வேண்டும்" கட்டாயம். "-லாம்" யோசனை. "கூடும்" உறுதியில்லாத எதிர்பார்ப்பு. தலைமை ஆசிரியரிடம் "நீங்கள் புது வாளி வாங்க வேண்டும்" என்று சொல்வாயா, "வாளி இரண்டு வாங்கினால் நன்றாக இருக்கும்" என்று சொல்வாயா? எழுத்திலும் அதே மரியாதைதான். உயிருக்கு ஆபத்தான இடத்தில், திறந்து கிடக்கும் கிணறு, அறுந்து தொங்கும் மின்கம்பி இவற்றைப் பற்றி எழுதும்போது "வேண்டும்" என்று அழுத்தியே சொல். "உடனே மூட வேண்டும்." அங்கே "மூடலாம்" என்று எழுதினால் சொல் பலமிழந்துவிடும். தீர்வின் பலனைச் சொல்லும்போது "குறைந்துவிடும்" என்று சத்தியம் செய்யாமல் "குறையக்கூடும்" என்று எழுதப் பழகு.

உண்மையான ஒரு நிகழ்வை வைத்து முழுக் கட்டுரையும் எழுதிக் காட்ட விரும்புகிறேன். எதை எடுக்கலாம்?
– ஆசிரியர், காஞ்சிபுரம்

சென்னையின் 2019 கோடையை எடுங்கள், ஐயா. உங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்டாலே பாதிக் கதை கிடைத்துவிடும். 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் 2019 ஜூனில் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது: 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர்.

இங்கே நின்று பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ரயில் சிக்கலைத் தீர்த்ததா, தணித்ததா? தமிழில் இந்த இரண்டு வினைகளும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன! தாகம் தணிந்தது, கிணறு ஊறவில்லை. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் "தற்காலிகமாக", "நீண்ட காலத்துக்கு" போன்ற சொற்கள் தேவையான இடத்தில் தாமே வந்து விழும்.

பிறகு தீர்வுகளை ஒப்பிடும் மொழி. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் செயல்படத் தொடங்கின. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். மழையை நம்பி இருக்க வேண்டாம் என்பது அதன் பலம். மின்சாரம் நிறையச் செலவாகும் என்பது குறை. மழைநீர்ச் சேகரிப்பு தமிழகக் கட்டடங்களில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. செலவு குறைவு, ஆனால் குழியை ஆண்டுதோறும் சுத்தம் செய்யாவிட்டால் பெயருக்குத்தான் இருக்கும். "அதைவிட", "என்றாலும்", "ஒருபுறம் – மறுபுறம்", "-விட்டால்" ஆகியவற்றை இந்தத் தகவல்களை வைத்தே பழக்கலாம். எந்தத் தீர்வு சிறந்தது என்று எடைபோட, வள்ளுவர் வினைசெயல்வகையில் சொல்லும் ஐந்தையும், அதாவது பொருள், கருவி, காலம், வினை, இடம் ஆகியவற்றை, பலகையில் எழுதிவையுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தாராளமாகப் புரியும்.

வீட்டுப் பாடமாக, பள்ளி மொட்டைமாடியிலிருந்து மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள்.

முன்னுரையை எப்படித் தொடங்குவது? மகன் எல்லாக் கட்டுரையையும் "இன்றைய நவீன உலகில்" என்றே தொடங்குகிறான்.
– பெற்றோர், சேலம்

அவன் கண்ணால் பார்த்த ஒன்றில் தொடங்கச் சொல்லுங்கள். "காலை ஏழரை மணிக்கு எங்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்க இடம் இருக்காது" என்பது முன்னுரை. அதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. முடிவுரைக்கும் இதே பேச்சுத்தான். "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" சுவரில் எழுத நல்ல வாசகம். கட்டுரையின் முடிவில் அது வந்தால், எழுதியவர் தீர்விலிருந்து நழுவிவிட்டார் என்றே எனக்குத் தோன்றும்.

"தீர்வு எடுக்க வேண்டும்" என்பது சரியா?
– மாணவி, நாமக்கல்

முடிவு எடுப்போம், நடவடிக்கை எடுப்போம். தீர்வு காண்போம். சிக்கலைத் தீர்ப்போம், குறையைக் களைவோம், வழி தேடுவோம். எந்தச் சொல் எந்த வினையோடு சேரும் என்பதை விதியாகப் படிக்க வேண்டாம். நிறையப் படித்தால் காது சொல்லிவிடும்.

வகுப்பில் எழுதிய கட்டுரையை உண்மையான மனுவாக மாற்ற முடியுமா? பிள்ளைகள் ஆவலாக இருக்கிறார்கள்.
– தலைமை ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

கட்டாயம் செய்யுங்கள். கட்டுரையில் மூன்று தீர்வுகளைச் சொல்லி எடைபோடலாம். மனுவில் ஒரே கோரிக்கைதான், அதுவும் பெறுநரின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டும். கிராமத்துத் தெருவிளக்கு என்றால் ஊராட்சிக்கு எழுத வேண்டும். "பொருள்" வரியிலேயே இடமும் கோரிக்கையும் வந்துவிடட்டும்: "நடுத்தெரு நூலகம் எதிரே உள்ள மின்கம்பத்தில் விளக்குப் பொருத்தக் கோருதல்." உள்ளே சிக்கலுக்கு இரண்டு வாக்கியம், அது யாரைப் பாதிக்கிறது என்று ஒன்று, கோரிக்கை ஒன்று. "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்ற தொனி வேண்டாம், "கேட்டுக்கொள்கிறோம்" போதும். பலர் சேர்ந்து எழுதுவதால் "-ஓம்" விகுதி கடைசிவரை மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். நடுவில் "நான்" நுழைந்துவிடும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். பிள்ளைகள் எழுதியதைப் பெற்றோர் ஒருவர் அங்கே வாசிக்கலாம். மாவட்ட அளவிலான குறை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கலாம். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். பதில் வரும் நாள்வரை பிள்ளைகள் தினமும் அதைப் பார்ப்பார்கள்.