வளர்ந்தேன், வளர்த்தார்: ஆங்கிலத்தில் எப்படி?

கே: நேர்காணலில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். 'ஐ வாஸ் க்ரோன் அப் பை மை கிராண்ட்மதர்' என்றேன். தப்பு என்கிறாள் தோழி. பாட்டி வளர்த்ததை எப்படித்தான் சொல்வது?
– வாசகி, திண்டுக்கல்

ப: தோழி சொல்வது சரிதான். பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையை நினைத்துப் பாருங்கள். 'வளர்ந்தேன்' தன்வினை, அதுதான் 'க்ரோ அப்'. 'வளர்த்தார்' பிறவினை, அது 'பிரிங் அப்'. தமிழில் 'ந்த்' 'த்த்' ஆனால் போதும். ஆங்கிலத்தில் சொல்லே மாறிவிடும். தானாக வளர்வதைச் சொல்லும் 'க்ரோ அப்'புக்குச் செயப்படுபொருள் கிடையாது. ஆகவே 'வாஸ்' போட்டு அதைச் செயப்பாட்டு வினையாக்க வழியில்லை.

'ஐ க்ரூ அப் இன் திண்டுக்கல்' என்றால் ஊர் வந்துவிட்டது. பாட்டிக்கு, 'மை கிராண்ட்மதர் ப்ராட் மீ அப்', அல்லது 'ஐ வாஸ் ப்ராட் அப் பை மை கிராண்ட்மதர்'. இங்கே 'வாஸ்' கட்டாயம் வேண்டும். அதை விட்டு 'ஐ ப்ராட் அப்' என்று நிறுத்தினால், நீங்கள் யாரையோ வளர்த்ததாக வாக்கியம் தொடங்கி அந்தரத்தில் நிற்கும்.

'மீ', 'ஹிம்', 'ஹெர்' போன்ற பிரதிப்பெயர்கள் நடுவில்தான் உட்காரும். 'ப்ராட் அப் மீ' கூடாது. பெயர்ச்சொல் என்றால் 'ப்ராட் அப் த்ரீ சில்ட்ரன்', 'ப்ராட் த்ரீ சில்ட்ரன் அப்' இரண்டுமே சரி. எழுதும்போது 'ப்ராட்'டில் வரும் 'ஆர்' எழுத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் 'விலைக்கு வாங்கினார்' என்று ஆகிவிடும்!

கே: 'டேக் ஆஃப்டர்', 'லுக் ஆஃப்டர்' இரண்டும் ஒன்றா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: இல்லை. 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்வது. 'டேக் ஆஃப்டர்' என்றால் முகத்திலோ குணத்திலோ வீட்டுப் பெரியவரை உரித்து வைத்திருப்பது: 'ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்'. அம்மாவின் முன்கோபம் மகளுக்கு வந்திருந்தாலும் இதையே சொல்லலாம். இளையவர்தான் மூத்தவரைப் போல இருப்பார். திருப்பிப் போட்டு, அப்பா மகனை 'டேக்ஸ் ஆஃப்டர்' என்று சொல்லக் கூடாது. ரத்த உறவுக்கே இது பொருந்தும் என்பதால், நண்பர்கள் ஒரே சாயலில் இருந்தால் 'லுக் அலைக்' போதும். இரண்டு வினைகளையுமே பிரிக்க முடியாது. 'டேக்ஸ் ஹெர் ஆஃப்டர்' என்று வராது.

கே: அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வீட்டுப் பங்கில் மனஸ்தாபம். 'ஃபைட்' என்று சொல்லலாமா?
– வாசகர், விருதுநகர்

ப: 'ஃபைட்' என்றால் கைகலப்போ என்று கேட்பவர் நினைக்கக்கூடும். 'மை ஃபாதர் ஃபெல் அவுட் வித் ஹிஸ் பிரதர் ஓவர் தி ஹவுஸ்' என்று சொல்லுங்கள். யாரோடு என்பதற்கு 'வித்', எதனால் என்பதற்கு 'ஓவர்'. நாளைக்கே இருவரும் ராசியாகிவிட்டால், 'தே மேட் அப்'.