பழைய ஜன்னலுக்குள் ஒரு கண்ணாடி ஜன்னல்

கேள்வி: செட்டிநாட்டில், பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு. முகப்பை ஒட்டிய அறையில் அப்பத்தாவுக்காக ஏசி மாட்டியிருக்கிறோம். பர்மா தேக்கு ஜன்னல், இரும்புக் கம்பி, மேலே ரெண்டு கீழே ரெண்டு கதவு. இடுக்கு வழியாகக் குளிர்ச்சி வெளியே போகிறது, பஸ் ஹாரன் உள்ளே வருகிறது. ஜன்னலைப் பெயர்த்துவிட்டு யுபிவிசி (பிளாஸ்டிக் சட்டம்) போடலாம் என்கிறார் கடைக்காரர். எனக்கு மனசு வரவில்லை. உள்பக்கம் மரச்சட்டத்தில் கண்ணாடி போட முடியுமா? என்ன மரம், எப்படிப் பொருத்துவது?

பதில்: மனசு வராதது நல்லதாகப் போயிற்று. பெயர்த்த ஜன்னல் எங்கே போய் நிற்கும் தெரியுமா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை வாசலில், விலைச்சீட்டோடு. நீங்கள் அதே கடைத்தெருவுக்கு வாங்குகிற ஆளாகப் போங்கள். இடித்த வீட்டுத் தேக்குச் சட்டங்கள் கிடைக்கும், பல வருஷம் காய்ந்த மரம் என்பதால் அறுத்து இழைத்த பிறகு அவ்வளவாக முறுக்காது. ஆணி ஒளிந்திருக்கிறதா, ஓரத்தில் வெளிறிய பகுதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், கரையான் முதலில் வாய் வைப்பது அந்த வெள்ளையில்தான், வைரம் பாய்ந்த பகுதிக்கு அவ்வளவு பயமில்லை. வேப்பமரமும் நல்ல மரமே, ஆனால் சரியாகக் காயாததை அவசரத்துக்கு வாங்கிப் போட்டால் ஒரே கோடையில் சட்டம் வளைந்து மூலைக்கு மூலை இடுக்கு விடும், அப்புறம் கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை.

முதலில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். வெளியே திறந்தால் கவலையில்லை. கண்ணாடிச் சட்டத்தைக் கீல் வைத்து மாட்டினால், அதைத் திறந்து கம்பி வழியாகக் கை நீட்டிப் பழைய கதவைச் சாத்திக்கொள்ளலாம். உள்ளே திறக்கிற கதவு என்றால், ஒரு கதவின் அகலத்தைவிட நிலைக்கு உள்பக்கச் சுவர் ஆழம் கூடுதலாக இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். இருந்தால் கண்ணாடியைச் சுவரின் உள்விளிம்பு வரை தள்ளி வையுங்கள், கதவு நடுவிலேயே மடங்கி நிற்கும். இல்லாவிட்டால் கண்ணாடி சாத்தியிருக்கிற நேரம் பழைய கதவும் சாத்தியே இருக்க வேண்டியதுதான்.

உங்கள் தொல்லை ஹாரன் என்பதால் பழைய கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி முக்கியம். குளிர்ச்சியை நிறுத்த இரண்டு சென்டிமீட்டர் காற்று போதும், சத்தத்துக்கு 100 மில்லிமீட்டர், அதாவது நாலு அங்குலமாவது வேண்டும். நம் ஊர்ச் சுவரின் தடிமனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாலு அங்குலப் பலகையில் பெட்டி மாதிரி ஒரு சட்டம் செய்து, அதைப் பழைய நிலை மரத்தில் பித்தளை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், முதலில் சின்னதாகத் துளை போட்டுவிட்டு. சுவரில் மட்டும் டிரில் வைக்க விடாதீர்கள்! முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு ஒரு இடத்தில் பொரிந்தால், அதே மாதிரி பூசுகிற கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். ஸ்க்ரூ என்றால் பிற்பாடு கழற்றி, நாலைந்து துளையை அடைத்துவிட்டால் ஜன்னல் பழையபடி நிற்கும்.

கண்ணாடி 6 மில்லிமீட்டர் போடுங்கள். நாலுக்கு மூணு அடிக்கு ஏறக்குறைய 17 கிலோ வரும், எனவே பெட்டியின் அடிப்பலகை ஜன்னல் திண்டில் உட்கார்ந்து பாரம் தாங்க வேண்டும், கண்ணாடியையும் ரெண்டு கதவாகப் பிரித்துக்கொண்டால் கீலுக்கு நல்லது. மூலையில் ஆணி அடித்து ஒட்டுகிற வேலை வேண்டாம், துளையும் நாக்குமாகச் சேர்க்கச் சொல்லுங்கள், ஆசாரி கொஞ்சம் முணுமுணுப்பார், பரவாயில்லை. சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, சுற்றிலும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் விட்டுக் கண்ணாடியை உட்கார வைத்து மெல்லிய மரப்பட்டி (பீடிங்) அடிக்க வேண்டும், மரத்துக்கு அசைய இடம் வேண்டுமே.

பழைய ஜன்னல் எதுவும் நேர் சதுரமாக இருக்காது. எங்கள் வீட்டில் ஒரே இடத்தில் அளந்து சொல்லிவிட்டு, செய்து வந்த சட்டம் நுழையாமல் திண்ணையில் ஒரு மாதம் கிடந்தது. அகலம் மூணு இடத்தில், உயரம் மூணு இடத்தில், அப்புறம் ரெண்டு மூலைவிட்டமும் அளந்து, குறைந்த அளவிலிருந்து கால் அங்குலம் கழித்துக் கொடுங்கள். மிஞ்சுகிற இடுக்கையும், சட்டம் சாத்துகிற விளிம்பையும் ரப்பர் பீடிங்கோ ஸ்பாஞ்ச் டேப்போ ஒட்டி அடையுங்கள். அதை விட்டால் எத்தனை தடித்த கண்ணாடி போட்டாலும் ஹாரன் கேட்கும்.

கேள்வி: இதையே எங்கள் வீட்டில் வளவு (நடு முற்றம்) பக்கமும் சேர்த்து எல்லா ஜன்னலுக்கும் போட்டால் வெயில் குறையுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: குறையாது. கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, காற்றை நிறுத்திவிடும். வெயிலுக்கு மருந்து வெளிப்பக்க மரக்கதவைப் பத்து மணிக்கே சாத்துவது. வளவு திறந்து, எதிரெதிர் ஜன்னல் வழியாகக் காற்று ஓடத்தான் அந்த வீட்டைக் கட்டினார்கள். ஏசி அறைக்கு மட்டும் போடுங்கள், மிச்சக் காசில் பழைய கதவுகளுக்குக் கீலும் கொண்டியும் சரி செய்யுங்கள்.